ஒழுகும் மொட்டை மாடிக்கு எது சரி: சுருக்கியா, பூச்சா, தகர ஷெட்டா?

ஹாலில் மின்விசிறிக் கொக்கியைச் சுற்றி முதலில் ஒரு மஞ்சள் வளையம் வந்தது. ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். அடுத்த ஐப்பசியில் அது சாப்பாட்டுத் தட்டளவு ஆனது. அதற்கடுத்த கார்த்திகையில் சொட்டத் தொடங்கியது. மின்விசிறியின் மெயினை அணைத்துவிட்டு, கீழே வாளி வைத்து, வாளிக்குள் பழைய துண்டைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனோம். துண்டு போடாவிட்டால் அந்தச் சொட்டுச் சத்தத்தில் யாருக்கும் தூக்கம் வராது. ஒழுகும் வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இது தெரியும்.

வீடு தாம்பரம் பக்கம். மாடி மொத்தம் ஆயிரம் சதுர அடி. முன்பக்கம் அறுநூறு அடி 1994-இல் அப்பா கட்டியது. சுருக்கி, அதாவது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இறுக்கிய அடுக்கு, போட்டு மேலே தட்டோடு பதித்த மாடி. பின்பக்கம் நானூறு அடி 2009-இல் சேர்த்தது. கான்கிரீட்டின் மேல் வெறும் சிமென்ட் பூச்சு. ஒரே மாடியின் இரண்டு பகுதிக்கும் வயது வேறு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்று பேரை வரவழைத்தோம். முதலில் வந்தவர் கொத்தனார். "சுருக்கி செத்துப்போச்சு சார், மொத்தமாப் பேத்துட்டுப் புதுசாப் போடணும்" என்றார். பழையதைப் பெயர்த்து, ரப்பிஸ் அள்ளி, புதுச் சுருக்கியும் ஓடும் போட ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம். இரண்டாமவர் நீர்த்தடுப்புப் பூச்சு அடிப்பவர். சதுர அடிக்கு ஐம்பது ரூபாய், மொத்தம் ஐம்பதாயிரம், மூன்றே நாள், பத்து வருட கேரண்டி. மூன்றாமவர் ஷெட் போடுபவர். "மழைத்தண்ணி மாடியிலயே விழாதுன்னா அப்புறம் எங்க சார் ஒழுகும்?" என்று சிரித்தார். இரண்டு லட்சத்து அறுபதாயிரம். இவை எங்கள் வீட்டுக்கு, அந்தக் கோடையில், அந்த மூவர் சொன்ன விலைகள். உங்கள் ஊரில் மாறும். ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள இடைவெளி ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்.

மூவரும் மாடியில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. அவரவர் கையில் இருந்த மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நாலாவதாக ஒரு வழியும் உண்டு. பத்து வருடமாக நாங்கள் செய்துவந்தது அதுதான். மழைக்கு முன்னால் விரிசலில் சிமென்ட் பால், அதாவது தண்ணீராகக் கரைத்த சிமென்ட், ஊற்றுவது. சிமென்ட் காய்ந்தால் கல் மாதிரி இறுகிவிடும். ஆனால் மாடி அப்படி இறுகி நிற்பதில்லை. சித்திரை வெயிலில் விரிந்து, இரவில் சுருங்கி, தினமும் அசைகிறது. அசையும் விரிசலில் அசையாத பொருளை அடைத்தால் அதன் ஓரத்திலேயே மயிரிழை அளவில் புது விரிசல் விடும். அடுத்த வருடம் மறுபடி பால். பால் ஊற்றுவது என்பதற்குத் தமிழில் இன்னொரு அர்த்தமும் உண்டு என்று மச்சான் வருடா வருடம் ஞாபகப்படுத்துவார்.

மாடியில் விழும் தண்ணீரின் அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இதில் எவ்வளவு பணம் போடலாம் என்ற நிதானம் வருகிறது. ஆயிரம் சதுர அடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அதாவது எங்கள் மாடியில் மட்டும் நாற்பத்தைந்தாயிரம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி ஏறக்குறைய நான்கு. அத்தனையும் நாலங்குலக் குழாய் இரண்டின் வழியாக இறங்க வேண்டும். குழாய் வாயில் நாலு மாவிலை அடைத்தால் போதும், மாடி குளமாகிவிடும். வாட்டம், அதாவது தண்ணீர் குழாயை நோக்கி ஓடும் சரிவு, சரியாக இருந்து, குழாய் வாய் திறந்திருந்தால் சுமாரான மாடிகூட ஒழுகாது. தண்ணீர் தேங்கினால் உயர்ந்த பூச்சும் ஒருநாள் கைவிடும்.

அதனால் எதைப் போடுவது என்று கேட்பதற்கு முன்னால் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். முதல் கேள்வி: கோடையிலும் ஈரம் இருக்கிறதா? மே மாதத்தில், மழையே இல்லாதபோது சுவர் ஊறியிருந்தால் குற்றவாளி மாடி அல்ல. மேல்நிலைத் தொட்டியோ சுவருக்குள் ஓடும் குழாயோதான். இரண்டாவது, தட்டிப் பார்ப்பது. ஒரு கம்பை எடுத்து ஓடு ஓடாகத் தட்டினால், நன்றாக ஒட்டியிருக்கும் ஓடு கெட்டியான சத்தம் தரும். அடியில் காலியாக இருப்பது டொக்கென்று சொல்லிவிடும். சுண்ணக்கட்டியால் குறி போட்டுக்கொண்டே போகலாம். மூன்றாவது, தண்ணீர் கட்டிப் பார்ப்பது. குழாய் வாயைத் துணி மூட்டையால் அடைத்து, மாடியைக் களிமண் வரப்பால் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் இரண்டங்குலத் தண்ணீரை ஒருநாள் முழுக்க நிறுத்த வேண்டும். ஒரே நேரத்தில் மாடி முழுக்கக் கட்டக் கூடாது. அப்படிக் கட்டினால் ஒழுகுகிறது என்பது மட்டும் தெரியும். அதுதான் ஏற்கெனவே தெரியுமே!

நாங்கள் நாலு நாள் இதைச் செய்தோம். முன்பகுதியில் கட்டினோம், ஹால் காய்ந்தே இருந்தது. பின்பகுதியில் கட்டினோம், ஒரு மூலையில் லேசான ஈரம். மூன்றாவதாக, பழைய கூரையும் புதுக் கூரையும் சேரும் கோட்டின் இரண்டு பக்கமும் வரப்புக் கட்டித் தண்ணீர் விட்டோம். ஐந்தாவது மணி நேரத்தில் மின்விசிறிக் கொக்கி சொட்ட ஆரம்பித்தது. அந்தக் கோட்டுக்கும் கொக்கிக்கும் நடுவே பன்னிரண்டு அடி தூரம்! இணைப்பில் இறங்கிய தண்ணீர் சுருக்கிக்குள் நுழைந்து, கான்கிரீட்டின் மேலேயே படர்ந்து போய், கொக்கிக்காக விட்ட ஓட்டையில் இறங்கியிருக்கிறது. பத்து வருடமாகக் கொக்கிக்கு நேர் மேலே உள்ள ஓடுகளுக்குத்தான் பால் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

இனி ஒப்பீடு. சுருக்கியிலிருந்து தொடங்குகிறேன், எனக்கு அதன்மேல் கொஞ்சம் பாசம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செங்கல் ஜல்லியையும் நீற்றிய சுண்ணாம்பையும் கலந்து மூன்று, நான்கு அங்குலம் போட்டு, கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பது சுருக்கி. மரச்சட்டங்களின் மேல் மெல்லிய செங்கல்லை நிறுத்தி அடுக்கிக் கட்டிய அந்தக் கால மெட்ராஸ் டெரசுக்கும் மேல்போர்வை இதேதான். சுண்ணாம்போடு கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பார்கள். சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் தட்டுவார்கள். சுண்ணாம்பு சிமென்ட்டைப் போல விறைப்பானது அல்ல. வெயிலுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். மயிரிழை விரிசல் விட்டாலும் மழைநீரில் கரைந்த சுண்ணாம்பு மறுபடி அதிலேயே படிந்து அடைத்துக்கொள்ளும். வீட்டுக்குள் சூடும் குறையும். சரியாகப் போட்ட சுருக்கி இருபது, இருபத்தைந்து வருடம் நிற்கும். அப்பா போட்டது முப்பதைத் தாண்டிவிட்டது.

ஆனால் "சரியாகப் போட்ட" என்பதில்தான் சிக்கல். இன்று சுருக்கி என்ற பெயரில் பலர் போடுவது செங்கல் ஜல்லியும் சிமென்ட்டும். நீற்றிப் புளிக்கவைக்க நாளில்லை, அடிக்க ஆளில்லை. விறைப்பான சிமென்ட்டைப் போட்டால் சுருக்கியின் முக்கிய குணமே போய்விடுகிறது. மிஞ்சுவது எடை மட்டும். அந்த எடை சாதாரணமல்ல. ஆயிரம் சதுர அடிக்கு மூன்று அங்குலம் போட்டால் ஏழு கன மீட்டர், பதின்மூன்று டன்னை ஒட்டி வரும். அதன் மேல் ஓடும் கலவையும் தனி. "பழசப் பேக்க வேணாம் சார், அது மேலயே போட்டுடலாம், செலவு மிச்சம்" என்று ஒருவர் சொன்னால் அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். கூரை அந்தப் பதின்மூன்று டன்னை ஒரு தடவை சுமக்கத்தான் கட்டப்பட்டது.

சுருக்கியின் இன்னொரு குறை எங்கள் வீட்டிலேயே தெரிந்தது. ஒருமுறை தண்ணீர் உள்ளே போய்விட்டால் அது பஞ்சு மாதிரி. குடித்த இடம் ஒன்று, கக்கும் இடம் ஒன்று. அதனால் புதிதாகப் போடுபவர்கள் கான்கிரீட்டின் மேல் முதலில் நீர்த்தடுப்புப் பூச்சு ஒன்றை அடித்து, தண்ணீர் கட்டிச் சோதித்துவிட்டு, அதன் மேல் சுருக்கி போட்டால் நல்லது. பூச்சுக்கு வெயில் படாது, சுருக்கிக்குக் காவலும் இருக்கும். வாட்டம் ஐந்தடிக்கு ஓர் அங்குலமாவது வேண்டும். கொத்தனாரின் கண்மட்டத்தை நம்பாமல் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய டியூப்) பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

பூச்சு விஷயம் வேறு மாதிரி. இதில் பொருள் மோசமில்லை; அடிக்கும் விதம்தான் மோசம். அக்ரிலிக், பாலியூரித்தேன், சிமென்ட்டோடு பாலிமர் திரவம் கலக்கும் வகை என்று பல உண்டு. அக்ரிலிக் மலிவு, ரப்பர் போல இழுபடும், வெள்ளை நிறத்தில் அடித்தால் வெயிலைத் திருப்பியும் அனுப்பும். எங்கள் பின்னறையில் கோடை மதியத்து வித்தியாசம் கைவைத்தால் தெரிகிறது. ஆனால் அக்ரிலிக்குக்குத் தேங்கிய நீர் ஆகாது. நாள்கணக்கில் நீர் நின்றால் ஊறி உரியும். பாலியூரித்தேன் இன்னும் நீடிக்கும், விலையும் அதற்கேற்ப.

எந்தப் பூச்சானாலும் அடித்தளம் உலர்ந்திருக்க வேண்டும். உள்ளே ஈரத்தை வைத்து மேலே மூடினால், வெயில் ஏறும்போது அந்த ஈரம் ஆவியாகி அப்பளம் மாதிரி கொப்புளம் கிளப்பிவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே தண்ணீர் குடித்த சுருக்கியின் மேல், ஓட்டின் மேல், பூச்சு அடிப்பது வீண். பூச்சுக்காரர்களிடம் இதை யாரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. எதிர்வீட்டில் நவம்பரில் இரண்டு மழைக்கு நடுவே கிடைத்த வெயிலில் அடித்தார்கள். பொங்கலுக்குள் உரிந்து, குழந்தைகள் அதைப் பட்டை பட்டையாகக் கிழித்து விளையாடின. பத்து வருட கேரண்டிக் காகிதத்தை எடுத்துப் பார்த்தபோது, பொருளுக்குத்தான் பொறுப்பு, அடித்த விதத்துக்கு அல்ல என்று பொடி எழுத்தில் இருந்தது. அடித்தவரின் கைப்பேசி எண் உபயோகத்தில் இல்லை.

பங்குனி, சித்திரையில், மாடி நன்றாகக் காய்ந்த பிறகு, விரிசல்களைக் கீறி அடைத்து, மூலைகளில் ஃபைபர் வலை வைத்து, ஒன்றுக்குக் குறுக்காக இன்னொன்று என இரண்டு மூன்று கோட் அடித்தால் அக்ரிலிக் நாலைந்து வருடம் வரும். அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். வாளியில் எத்தனை லிட்டர் வாங்கினார்கள், எத்தனை லிட்டர் அடித்தார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். தண்ணீர் அதிகம் கலந்து மெலிதாக இழுத்துவிட்டுப் போவதுதான் இந்தத் தொழிலின் பெரிய திருட்டு.

தார் ஷீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தீ காட்டி உருக்கி ஒட்டும் கறுப்பு ஷீட். நீரைத் தடுக்கும், ஆனால் மேலே ஒன்றும் மூடாமல் விட்டால் நம் வெயிலில் வீடே அடுப்பாகிவிடும், நடமாடவும் உதவாது. வீட்டு மாடிக்கு நான் அதை நினைக்கவில்லை. கூல் ரூஃப் டைல்ஸ் சூட்டுக்கு நல்லது. ஆனால் அதுவே ஒழுகலை நிறுத்திவிடும் என்று விற்பதை நம்ப வேண்டாம். டைல் ஒழுகாது, இரண்டு டைலுக்கு நடுவே ஒழுகும்.

ஷெட்டுக்கு வருவோம். ஒழுகலை நூற்றுக்கு நூறு நிறுத்துவது இது ஒன்றுதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மழை மாடியைத் தொடாது, வெயிலும் நேரடியாக விழாது, துணி காயப்போட மழைநாளிலும் இடம் கிடைக்கும். மச்சான் வீட்டில் போட்டிருக்கிறார்கள். விசேஷத்துக்குப் பந்தியே அங்கேதான். எனக்குத் தயக்கம் தந்தவை வேறு. முதலாவது காற்று. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது எங்கள் தெருவில் பறந்த தகரம் இன்னும் கண்ணில் நிற்கிறது. 2018-இல் கஜா புயல் டெல்டாவில் செய்ததைச் சொல்லவே வேண்டாம். ஷெட்டின் கால்களைக் கைப்பிடிச் சுவரில் நிறுத்தினால் காற்று சுவரோடு சேர்த்துத் தூக்கும். தூண்களுக்கு நேர் மேலே நிறுத்த வேண்டும். அதற்குக் கான்கிரீட்டில் போல்ட் இறக்க வேண்டும். ஒவ்வொரு போல்ட்டும் ஒரு புது ஓட்டை. இரண்டாவது, ஷீட்டைப் பிடிக்கும் திருகுகளின் ரப்பர் வாஷர் வெயிலில் சில வருடங்களில் வெடித்துவிடும். அப்போது ஷெட்டே ஒழுகும். மூன்றாவது பக்கத்து வீடு. சரிவின் தண்ணீரைத் தகரக் கால்வாய் வைத்துக் குழாயில் இறக்காவிட்டால் அது அவர்கள் சுவரில்தான் அடிக்கும். இருபது வருட நட்பு ஒரு மழையில் போய்விடும். உள்ளாட்சியில் அனுமதி தேவையா, சொத்து வரி மாறுமா என்பதையும் போடுவதற்கு முன்னால் நேரில் கேட்டுவிட வேண்டும்.

சோலார் போடும் எண்ணம் இருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். 2024-இல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றதும் பலர் அவசரமாகப் பலகைகளை ஏற்றிவிட்டார்கள். பலகை ஏறிய பிறகு அதன் அடியில் சுருக்கியும் போட முடியாது, பூச்சும் அடிக்க முடியாது. முதலில் மாடி, பிறகு சோலார்.

பணக் கணக்கை வருடத்துக்கு என்று வகுத்துப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். பூச்சு ஐம்பதாயிரம், ஐந்து வருடம்: வருடத்துக்குப் பத்தாயிரம். சுருக்கி ஒன்றரை லட்சத்துக்கு மேல், இருபது வருடம்: வருடத்துக்கு எட்டாயிரத்துச் சொச்சம். ஷெட் இருபது வருடம் நின்றால் பதின்மூன்றாயிரம், திருகு மாற்றும் கூலி தனி. மலிவு என்று நினைக்கும் பூச்சு மலிவல்ல. சுருக்கியைவிட ஒரு படி மேலேயே போகிறது. ஆனால் ஒன்றரை லட்சத்தை ஒரே தடவையில் புரட்டுவது வேறு, ஐம்பதாயிரத்தைப் புரட்டுவது வேறு. வீட்டுக் கடன் தவணையும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் ஓடும் வருடத்தில் எந்தக் கணக்கும் எடுபடாது. இன்னொன்று, நாலைந்து வருடத்தில் மேலே ஒரு மாடி கட்டும் எண்ணம் இருந்தால் சுருக்கிக்குப் போடும் பணம் மண்ணில் போட்டதுதான். மறுபடி பெயர்க்க வேண்டும். அவர்களுக்குப் பூச்சுதான் சரி, கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். மேலே கட்டப்போவதில்லை, கொத்தனார் சுண்ணாம்பு தெரிந்தவர், சுருக்கி பாதிக்கு மேல் டொக்கு என்றால் பெயர்த்துப் புதிதாகப் போடுவதே மேல். வாட்டமே தவறிப்போன மாடி, சரிசெய்தால் எடை தாங்காது என்று பொறியாளர் சொல்லிவிட்டார் என்றால் மட்டும் ஷெட்.

இந்த எதுவும் பொருந்தாத ஒரு நிலை உண்டு. கூரையின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி எட்டிப் பார்க்கிறதா? அப்படியென்றால் மேலே என்ன போடுவது என்ற பேச்சையே நிறுத்துங்கள். கம்பி துருவேறினால் ஊதும். ஊதினால் கான்கிரீட்டைப் பிளக்கும். பிளந்த வழியில் இன்னும் ஈரம். அங்கே வேண்டியது கட்டுமானப் பொறியாளர், கொத்தனாரோ பெயின்டரோ அல்ல. அடியில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து மறைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

எங்கள் வீட்டில் கடைசியில் மூவரின் மருந்தையும் முழுசாக வாங்கவில்லை. பழைய, புதிய கூரை சேரும் கோட்டை 'வி' வடிவில் கீறி, இழுபடும் சீலன்ட் அடைத்து, வலை வைத்துப் பூசினோம். குழாய் வாய்கள், கைப்பிடிச் சுவரின் அடி மூலைகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பதினெட்டாயிரம். பின்பக்க நானூறு அடிக்கு மட்டும் பூச்சு, இருபதாயிரம். முன்பக்கம் தட்டிப் பார்த்ததில் அறுபது சொச்சம் ஓடுதான் டொக்கு. அவற்றை மட்டும் எடுத்து, அடியைக் கெட்டிப்படுத்தி, புது ஓடு பதித்து, எல்லா இடுக்கையும் மறுபடி அடைத்தோம். பதினாலாயிரம். மொத்தம் ஐம்பத்திரண்டாயிரம். ஷெட் போடாததில் அம்மாவுக்குப் பெரிய நிம்மதி; தகரத்தின் அடியில் வடகம் எப்படிக் காயும் என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லாமல்தான் இருந்தது.

இரண்டு வடகிழக்குப் பருவமழை கடந்துவிட்டது. ஹால் காய்ந்திருக்கிறது. பின்பக்க மூலை ஈரம் மட்டும் முதல் வருடம் போகவில்லை. கோடையிலும் இருந்ததால் தொட்டியைச் சந்தேகப்பட்டுப் பார்த்தோம். வெளியேற்றும் குழாயின் கழுத்தில் கசிவு, பிளம்பர் எழுநூறு ரூபாய் வாங்கினார். முன்பக்கச் சுருக்கிக்கு இன்னும் ஏழெட்டு வருடம் கொடுத்திருக்கிறேன், அப்புறம் பெயர்த்துத்தான் ஆக வேண்டும்.

பூச்சு அடித்த தேதியைக் கைப்பிடிச் சுவரின் உள்பக்கம் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறோம். அதற்குக் கீழே, எந்த வகை, எத்தனை லிட்டர், எத்தனை கோட். துணி காயப்போடப் போகும்போதெல்லாம் கண்ணில் படும் உயரத்தில்.